வாசனை சேர்க்காத கட்டி

ஜூன் 3

அன்புள்ள மூக்கிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கல்யாணம் பேசி முடித்த வருஷம் எழுதியதற்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேசினால் நீ சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாய், நான் ஆச்சு என்கிறேன், நீயும் ஆச்சு என்கிறாய், அதோடு முடிந்துபோகிறது. கடிதத்திலாவது சாப்பாட்டைத் தாண்டி ஏதாவது பேசுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வீடு நன்றாக இருக்கிறது. முட்டை வேகவைக்கிற பாத்திரம் மட்டும் அடியில் கரி பிடித்துவிட்டது. எப்படித் தேய்த்தாலும் போகவில்லை. பட்டறையில் வேலை நிறைய. ஞாயிற்றுக்கிழமை மகள் ஹாஸ்டலிலிருந்து வந்து இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுப் போனாள். போகும்போது, "அம்மா எப்பப்பா வருவாங்க?" என்று கேட்டாள். புதுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கம்பெனி அனுப்பியிருக்கிறது, அக்டோபரில் வந்துவிடுவாள் என்றேன்.

நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் உங்கள் சோப்புக் கம்பெனி வேன் பிரேக் வேலைக்கு எங்கள் பட்டறைக்கு வந்தது. கூட உங்கள் ஆபீஸ் கிளார்க்கும் வந்திருந்தார். நான் பேச்சுக்கு, உங்கள் ஆட்கள் என் மனைவியை இப்படித் தூரமாக அனுப்பிவிட்டார்களே என்று குறைப்பட்டேன். அதற்கு அவர், "அவங்களே கேட்டு வாங்கிட்டுத்தானே போனாங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் தெரியும் என்று சிரித்துவைத்தேன். அன்றைக்கு ஒரு போல்ட்டைக்கூட ஒழுங்காக முடுக்கவில்லை.

போன மழைக்காலத்திலிருந்தே நீ மகள் அறையில்தான் படுத்தாய். முதுகு வலி என்றாய். மெத்தையை மாற்றினேன். அப்புறமும் நீ வரவில்லை. டிவி பார்க்கும்போதுகூட சோபாவில் இந்த ஓரம் நான், அந்த ஓரம் நீ. கேட்டால் முகம் கோணிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போது கேட்கிறேன். நான் என்ன செய்தேன் என்று மட்டும் சொல்லிவிடு. செய்ததைத் தெரிந்துகொண்டால் திருத்திக்கொள்ளலாம்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 9

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

கடிதத்தைக் கேட் வாட்ச்மேன் பயிற்சிப் பெண்கள் முன்னால் வைத்தே கொடுத்தார். நான்கு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்காரர் எழுதியது என்றேன். அதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

பெண்கள் கெட்டிக்காரிகள். சோப்பை முகர்ந்து பார்ப்பதும் ஒரு வேலையா என்று முதல் நாள் நினைத்திருப்பார்கள், இப்போது நினைக்க மாட்டார்கள். ஒருத்தி முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தாள், கழுவிவிட்டு வா என்று திருப்பி அனுப்பினேன். சோதனை அறைக்குள் பவுடர், பூ, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எதுவும் கூடாது என்பது உங்களுக்குத்தான் தெரியுமே. இருபது வருஷமாக என்னைப் பூ இல்லாத தலையோடு பார்த்து அலுத்துப்போனவர் நீங்கள். முதல் பாடமாக வாசனை சேர்க்காத வெறும் கட்டியைத்தான் முகரக் கொடுக்கிறேன். எண்ணெய் காறிப்போயிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கட்டிக்கு மேலே எவ்வளவு உசத்தியான சென்ட் ஊற்றினாலும் ஒரு வாரம்தான் தாங்கும், திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிக்கொடுக்கிறேன்.

குவார்ட்டர்ஸில் எனக்குத் தனி அறை. ஆனால் நடுச்சுவர் பலகைச் சுவர். அந்தப் பக்கம் பாய்லர் பார்க்கிற ஒரு பெரியவர் இருக்கிறார். அவருக்கு இருமல் வந்தால் எனக்குத் தொண்டை வறண்டுபோகிறது. போனில் நான் முழுங்கி முழுங்கிப் பேசுவது அதனால்தான்.

கிளார்க் சொன்னது உண்மை. நானே கேட்டு வாங்கியதுதான். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. இருபது வருஷத்தில் என்னை ஒரு சொல் கடிந்து பேசியது கிடையாது. தப்பு உங்கள் பக்கம் இல்லை, அதை மட்டும் நம்புங்கள். காரணம் ஒன்று இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது. கேட்காதீர்கள்.

பாத்திரத்தில் தண்ணீர் வற்றினால்தான் கரி பிடிக்கும். முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு டிவி முன்னால் உட்காராதீர்கள்.

உங்கள் மூக்கி


ஜூன் 14

மூக்கிக்கு,

கேட்காதே என்றால் எப்படிக் கேட்காமல் இருப்பது? வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று ஒருவன் கொண்டுவந்து விடுகிறான். என்ன சத்தம் என்று கேட்டால், அதைக் கேட்காதே, சரி பண்ணு என்கிறான். அந்த மாதிரி ஆட்களை என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன். உன்னை அப்படி அனுப்ப முடியவில்லையே.

எனக்குத் தோன்றுவதையெல்லாம் எழுதிவிடுகிறேன். மனசுக்குள் வைத்து வைத்துப் பைத்தியம் பிடிக்கும்போல இருக்கிறது. என் மேல் உனக்கு அலுப்பு வந்துவிட்டதா? தொட்டால் விலகுகிறாய். கல்யாண வீட்டுக்குப் போனால் ஆண்கள் பக்கம் என்னைத் தள்ளிவிட்டு நீ கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம் போய் உட்காருகிறாய். வேறு யாராவது மனசில் இருக்கிறார்களா? எழுதும்போதே என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிட்டேன். பிரிந்துபோக நினைக்கிறாய் என்றால் அதையாவது நேராகச் சொல். மகளுக்கு நான் என்ன பதில் சொல்வது? அவளும் வளர்ந்த பெண்தான், முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறாள்.

அலுப்பு என்று சொல்லிவிட்டால்கூட அழுது முடித்துவிடுவேன். இப்படித் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் விட்டுவிட்டுப் போனால் எதை நினைத்து அழுவது?

உன் வீட்டுக்காரன்தானா என்று தெரியாத ஒருவன்


ஜூன் 20

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

வேறு யாராவது மனசில் இருக்கிறார்களா என்று கேட்டீர்களே, அதைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய்ச் சிரித்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பலகைச் சுவருக்காகக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

சொல்லிவிடுகிறேன். என்னிடமிருந்து வாடை வருகிறது. வாயில் இல்லை, அக்குளில் இல்லை. கீழே. மீன் கழுவிய தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்தால் வருமே, அந்த வாடை. கூடவே தண்ணீர் மாதிரி ஒரு வெள்ளை, சாம்பல் நிறம் கலந்து. போன மழைக்காலத்தில் ஒரு மாதம் தீட்டு முடிந்த வாரத்தில் ஆரம்பித்தது. நாம் சேர்ந்து இருந்த இரவுகளில் அதிகமாக வந்தது. நீங்கள் தூங்கிவிட்டீர்கள், நான் எழுந்துபோய்க் குளித்தேன். அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கப்புறம்தான் எனக்கு முதுகு வலி வந்தது.

என் வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தொட்டி சோப்பில் எண்ணெய் லேசாகக் காறியிருந்தால்கூடக் கண்டுபிடிக்கிற மூக்கு இது. அந்த மூக்கோடு என் வாடையை நானே காலையிலிருந்து மாலை வரை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சோதனை அறையில் என்னைப் போலவே மூக்குள்ள இன்னும் இரண்டு பேர். ஒருத்தி தலையை நிமிர்த்தினால்கூட, தெரிந்துவிட்டது என்று உள்ளுக்குள் கூசிப்போவேன். நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டேன். கல்யாண வீட்டிலும் ஜன்னல் எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும்.

என்னால் முடிந்ததையெல்லாம் வீட்டிலேயே செய்து பார்த்தேன். கம்பெனியில் வெட்டிப்போட்ட சோப்புத் துண்டுகளில் காரமான வாசனை உள்ளதாகப் பொறுக்கிவந்து காலையும் மாலையும் உள்ளே விரல் விட்டுக் கழுவினேன். காயத்துக்குப் போடுகிற கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தேன், அன்றைக்கு உயிர் போய் உயிர் வந்தது. கழுவினால் அரை நாள் நன்றாக இருக்கும். பிறகு முன்னைவிட மோசமாக வரும். இப்போது எரிச்சலும் சேர்ந்துகொண்டது. விடாமல் கழுவுகிறேன்.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் சோப்புக் கம்பெனி என்று எந்த வாயால் சொல்வது? சுத்தபத்தம் இல்லாதவள் என்று நினைத்துவிட்டால்? அதனால் தூரமாக வந்துவிட்டேன். நீங்கள் முகம் சுளிப்பதைப் பார்ப்பதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். அலுப்பு இல்லை. உங்கள் மேல் எனக்கு எப்போது அலுப்பு வந்தது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததா, இல்லையா? பூசி மெழுகாமல் பதில் எழுதுங்கள். தெரியவில்லை என்றால் என் மூக்கு பொய் சொல்கிறது, எனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டது, இந்த வேலைக்கும் நான் லாயக்கில்லை. தெரிந்தது என்றால் என்ன செய்வது என்று யோசிக்கலாம். இரண்டில் எது என்று தெரியாமல் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன், இனிமேல் முடியாது.

படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உங்கள் மூக்கி


ஜூன் 24

என் அன்பு மூக்கிக்கு,

இவ்வளவுதானா! அப்பாடா என்று இருக்கிறது. நான் என்னென்னவோ நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஒரு வாடையும் இல்லை. எல்லாம் உன் மூக்கு செய்கிற வேலை. நாள் பூராவும் முகர்ந்து முகர்ந்து அதற்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பக்கத்துத் தெருவில் பால் பொங்கினால் இங்கே அடுப்பை அணைக்க ஓடுகிறவள் நீ. கிரீஸ், டீசல், வேர்வை எல்லாம் சேர்ந்து மணக்கிற என்னோடு இத்தனை வருஷம் இருந்துவிட்டு உன்னைப் பற்றி நீ கவலைப்படுகிறாயே. மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாமல் கிளம்பி வா.

உன் மன ஆறுதலுக்கு இத்துடன் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். பெண்களுக்கென்றே விற்கிற ரோஜா வாசனைத் திரவம். வாங்கப் பட்ட பாடு பெரும் பாடு. நம் தெரு மருந்துக் கடையில் கூட்டமாக இருந்தது, கடைக்காரர் யாருக்கு என்று சத்தமாகக் கேட்டார். வீட்டுக்கு என்றேன். தரை துடைக்கிற பாட்டிலை எடுத்து வைத்தார். அதையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, இரண்டு தெரு தள்ளி முகம் தெரியாத கடையில் இதை வாங்கினேன். தரை பளபளவென்று இருக்கிறது, வந்து பார்.

உன் வீட்டுக்காரன்தான்


ஜூலை 1

வீட்டுக்காரருக்கு,

பாட்டில் வந்தது. சோதித்துப் பார்த்தேன். மேலே மலிவான ரோஜா, நடுவில் காரம், அடியில் ஒன்றுமில்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வாடையே இல்லை என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் பாட்டிலைக் கட்டி அனுப்புகிறீர்கள். இல்லாத வாடைக்கு எதற்கு ரோஜா? காறிப்போன கட்டிக்கு மேலே சென்ட் ஊற்றாதே என்று இங்கே நான் நாள் தவறாமல் கத்திக்கொண்டிருக்கிறேன், நீங்கள் எனக்கே ஊற்றக் கொடுத்து அனுப்புகிறீர்கள். நல்ல மனசோடுதான் செய்தீர்கள் என்று தெரியும். அது தெரிவதால்தான் இன்னும் வலிக்கிறது.

உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். அதை எழுதுவதற்குள் நான் என்ன பாடுபட்டேன் என்று உங்களுக்குப் புரியவில்லை. நீங்கள் என்னைக் குழந்தையைத் தட்டிக்கொடுப்பது மாதிரி தட்டிக்கொடுத்துவிட்டீர்கள். இனி நான் வீட்டுக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும்? நீங்கள் மூச்சை இழுக்கிறீர்களா, அடக்குகிறீர்களா, எதற்கு ஜன்னலைத் திறக்கிறீர்கள் என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாயால் இல்லை என்பீர்கள், அதை நான் நம்ப முடியாது. அப்படி ஒரு வீட்டில் என்னால் இருக்க முடியாது.

இங்கே இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமா என்று மேலதிகாரி அம்மா கேட்டிருக்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
சோப்புச் சோதனைப் பிரிவு


ஜூலை 6

அன்புள்ள மூக்கிக்கு,

பாட்டிலைப் பட்டறைக் குப்பையில் போட்டுவிட்டேன். நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், இதைக் கிழிக்கப் போவதில்லை.

தெரிந்தது.

மழைக்காலத்தில் ஒரு நாள் போர்வையை விலக்கும்போது முதலில் வந்தது. அது உன்னிடமிருந்து என்று எனக்குத் தோன்றவே இல்லை. வடிகாலில் ஏதோ அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் குழாயை அடியோடு கழற்றி வெளியே போட்டேனே, நினைவிருக்கிறதா? நல்லாத்தானே ஓடுது, எதுக்குக் கழட்டறீங்க என்று நீ சத்தம் போட்டாய். குழாயில் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் ஒரு இரவு நீ பக்கத்தில் இருந்தபோது புரிந்தது. நீ சொன்ன அதே வாடைதான். உன் மூக்கு பொய் சொல்லவில்லை.

பிடித்ததா என்று கேட்டால், பிடிக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். நீ மகள் அறைக்குப் போன முதல் இரவு, எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. ஒரே ஒரு இரவு. அடுத்த நாள் கை நீட்டினால் கட்டில் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த வாடையோடாவது நீ பக்கத்தில் இருந்தால் போதும் என்று எத்தனையோ இரவு நினைத்திருக்கிறேன், ஆனால் நிம்மதியாக இருந்த அந்த ஓர் இரவை நினைத்தால் உன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அதனால்தான் திரும்பக் கூப்பிடவில்லை.

ஏன் சொல்லவில்லை? என்ன வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் நீ சுருங்கிப்போவாய் என்று நினைத்தேன். சொல்லாமல் இருந்ததால் ஊரை விட்டே போய்விட்டாய். உனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உண்மையில் எனக்குப் பயம்.

வாடை பிடிக்கவில்லை என்றேன். உன்னைப் பிடிக்காமல் ஒரு நாளும் போனதில்லை, மூக்கி. நீயாக இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டாய்.

இத்தனை வருஷம் இல்லாமல் திடீரென்று வந்த ஒன்று நோயாகத்தான் இருக்க வேண்டும். கழுவுவதை நிறுத்து. எரிகிறது என்கிறாய், இன்னும் எதற்குத் தேய்க்கிறாய்? ஒரு டாக்டரம்மாவைப் பார். நான் கூட வரட்டுமா? உள்ளே வர வேண்டாம் என்றால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு வருஷம் இருப்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். வா என்று கெஞ்ச எனக்கு இப்போது வாய் இல்லை. கேட்டதற்கு உண்மையைச் சொல்லிவிட்டேன், பிறகு நீ பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 16

மூக்கிக்கு,

பதில் இல்லை. போனில் சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்கிறாய். அதையாவது கேட்கிறாயே என்று இருக்கிறேன்.

எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். உனக்குக் கோபம் என்றால் கோபப்பட்டு ஒரு வரி எழுது. மகள் வந்திருந்தாள், உனக்கும் எனக்கும் சண்டையா என்று கேட்டாள். சண்டை போடுகிற அளவுக்கு இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறோம் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 27

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். அடுப்பில் எதுவும் இருந்தால் அணைத்துவிட்டு வந்து படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் நீங்கள் மட்டும் எதிரில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டவளும் நான்தான். ஆனால் "தெரிந்தது" என்று எழுத்தில் பார்த்தபோது முகத்தில் அடித்தாற்போல இருந்தது. நான் மகள் அறைக்குப் போன அன்றைக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிதான் குத்தியது. இரண்டு நாள் அதையே நினைத்து நினைத்து மருகினேன். மூன்றாம் நாள், அதை எழுதவேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லையே என்று தோன்றியது. நான் கேட்டது வாடையைப் பற்றி மட்டும்தான். கேட்காததையும் சொல்லியிருக்கிற மனுஷன் மற்றதையும் சும்மா எழுதியிருக்க மாட்டார். கட்டில் காலியாக இருந்தது என்று நீங்கள் எழுதியதையும் அந்த ஒரு வரியால்தான் நம்பினேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். புத்தி கெடவில்லை, மூக்கும் கெடவில்லை, எனக்கு ஏதோ ஒரு வியாதி, அவ்வளவுதானே என்று இருந்தது.

பெஞ்சில் உட்கார உங்களைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். தனியாகவே போனேன். சைக்கிள் கடைக்கு மாடியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், என்னைவிட வயதில் சின்னவர். எதிரில் உட்கார்ந்ததும் வாயில் வந்தது என்ன தெரியுமா? முதுகு வலி. பழக்கதோஷம். அவரும் முதுகெலும்பை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லையே என்று ஒரு தைலம் எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டேன். கைப்பிடியில் கை வைத்தபடி நின்று, திரும்பாமலேயே சொன்னேன். "டாக்டர், முதுகு இல்ல. கீழ நாத்தம் அடிக்குது."

"வந்து உக்காருங்க. எத்தனை மாசமா இருக்கு?" என்றார். தைலத்துக்குப் பேசிய அதே குரல். அந்தக் குரலுக்காகவே அவருக்குக் கோடி நன்றி சொல்லலாம்.

எல்லாவற்றையும் கேட்டார். யோனி, பிறப்புறுப்பு என்று வாய் கூசாமல் சொல்கிறார், கை, கால் என்று சொல்வது மாதிரி. கொஞ்ச நேரத்தில் எனக்கும் அந்த வார்த்தை வந்துவிட்டது. இத்தனை வயதில் முதல் தடவை. உள்ளே ஏதாவது ஊற்றிக் கழுவினீர்களா என்று கேட்டார். துண்டு சோப்பு, கிருமிநாசினி, எலுமிச்சை என்று நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உள்ளே நீங்க கழுவவே வேணாம், அது தன்னைத்தானே பாத்துக்கும். அங்க நல்ல கிருமியும் இருக்கு. நீங்க கழுவிக் கழுவி அதைத் துரத்திட்டீங்க, கெட்டது கொழிச்சுப் போச்சு" என்றார். நான் செய்த வைத்தியம்தான் அரை நாள் தள்ளி முன்னைவிட மோசமாக்கியிருக்கிறது.

பரிசோதித்துப் பஞ்சுக்குச்சியில் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் திரும்பப் போனேன். கிருமிகளின் சமநிலை கெட்டு வருகிற தொற்றாம், எத்தனையோ பெண்களுக்கு வருகிறதாம். சுத்தம் இல்லாததால் வருவதில்லையாம். சோப்புக் கம்பெனியில் வேலை என்று அப்போது தைரியமாகச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, உங்கள் சோப்பைக் கைகால்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். ஒரு வாரத்துக்கு மாத்திரை. வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். வாசனைத் திரவம், பவுடர் எதுவும் கிட்டே வரக்கூடாது. பருத்தி உள்ளாடைதான் நல்லது, ஈரத்தோடு இருக்கக் கூடாது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள், அடிவயிற்றில் வலியோ காய்ச்சலோ வந்தால் உடனே ஓடிவாருங்கள் என்றார். இது சிலருக்குத் திரும்பத் திரும்ப வரும், அப்படி வந்தால் வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டு ஒரு வருஷம் உட்காராதீர்கள் என்று கொஞ்சம் திட்டவும் செய்தார்.

நான் ஒன்று கேட்டேன், வாடை சுத்தமாகப் போய்விடுமா என்று. அந்தக் கெட்ட வாடை போய்விடும் என்றார். "சுத்தமா ஒண்ணுமே இல்லாமப் போகாதும்மா. எல்லாருக்கும் ஒரு வாசனை உண்டு, அது இருந்தாதான் உடம்பு" என்றார்.

மாத்திரை முடிந்து சில நாள் ஆகிறது. இன்று காலையில் வேலையில் பார்ப்பது மாதிரியே நிதானமாகச் சோதித்துப் பார்த்தேன். மீன் வாடை போய்விட்டது. எரிச்சல் போய்விட்டது. லேசாக ஒரு புளிப்பு இருக்கிறது. யோசித்தால் அது எனக்குப் பழைய வாசனைதான், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்னோடு இருப்பது. இத்தனை நாள் இல்லாமல் இருந்து திரும்ப வந்திருக்கிறது. இது பாஸ்.

நீங்கள் குழாயைக் கழற்றியதை நினைத்துப் பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள். முன்பெல்லாம் யாராவது நகர்ந்தால் எனக்கு நெஞ்சு அடைத்துவிடும். இந்தத் தடவை காரணம் தெரிந்ததால் இன்னும் சிரித்தேன்.

மேலதிகாரி அம்மாவிடம் ஒரு வருஷம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அக்டோபர் வரைக்கும் பெண்களை விட்டுவிட்டு வர முடியாது, அது என் பொறுப்பு. அதுவரைக்கும் நீங்கள் இங்கே வரலாமே. பலகைச் சுவருக்காக நாம் மெதுவாகத்தான் பேச வேண்டும். கட்டில் ஒற்றை ஆளுக்கானது.

ஒன்றை மட்டும் இப்போதே பேசி முடித்துக்கொள்வோம். டாக்டரம்மா சொன்ன மாதிரி இது திரும்ப வரலாம். உங்களுக்குத் தெரிந்தால் அன்றைக்கே, அதே அறையில், என் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். நான் கோபப்படுவேன், ஒருவேளை அழுவேன், பிறகு டாக்டரிடம் போவேன். உங்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது, ஒரு நாள் உங்கள் உடம்பிலும் ஏதாவது ஒன்று கெடும். அப்போது உங்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும், நானும் சொல்லிவிடுவேன். அன்றைக்கு நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பக் கூடாது. நானும் இனிமேல் கிளம்ப மாட்டேன்.

சனிக்கிழமை வாருங்கள்.

உங்கள் மூக்கி